இட்லித் தட்டில் நான்கு டியூப்கள்

விஜயதசமியன்று காலை பதினோரு மணிக்கு என் கிட்டார் ஆம்ப்ளிஃபயரின் டியூப்களை நானே கழற்றினேன். கழற்றும்படி யாரும் சொல்லவில்லை. கழற்றாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது யோசித்தால், ஒன்றும் ஆகியிருக்காது என்றுதான் படுகிறது. அன்று அப்படிப் படவில்லை.

அன்று மாலை ஆறு மணிக்கு, ஊரின் மறுகோடியில் இருக்கும் கழக்கூட்டத்தில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நவராத்திரி விழாவில் நான் வாசிக்க வேண்டியிருந்தது. நான்கு பாட்டுகள். மகள் பிறந்த பிறகு மேடையேறப்போவது அதுதான் முதல் முறை. அவளுக்கு அப்போது இரண்டே முக்கால் வயது. பிரசவத்துக்கு முன்பு கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருந்தேன். அங்கே எங்களில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு பாட்டுக் குழு வைத்திருந்தோம். வேலையை விட்டுவிட்டேன். குழுவை விடவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் நான் இல்லாத நாட்களில் என் இடத்துக்குப் புதிதாக ஒருவர் வந்து சேர்ந்திருந்தார். அவருக்கு ஆம்ப்ளிஃபயர் தேவையில்லை. காலால் மிதிக்கிற ஒரு டிஜிட்டல் பெட்டி வைத்திருக்கிறார். வேண்டிய சத்தமெல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது.

குழுவின் பாடகர் நாகர்கோவில்காரர், என்னைவிட மூன்று வயது இளையவர். ஒரு மாதத்துக்கு முன்பு ஃபோன் செய்தார்.

"அக்கா, இந்த புரோகிராம் நீங்க வாசிங்க. கைக்குப் பழக்கம் வந்துட்டுன்னா தொடர்ந்து நீங்கதான். பிள்ளைய வச்சிக்கிட்டு கஷ்டமா இருந்துச்சுன்னா சொல்லிருங்க, அவன் இருக்கான். ஒண்ணும் நினைச்சுக்கிடாதீங்க."

நினைத்துக்கொள்ள நிறைய இருந்தது. அந்த ஒரு மாலையைப் பொறுத்துத்தான் நான் குழுவில் இருப்பேனா இல்லையா என்பது. கழக்கூட்டத்தில் என்னுடையது என்று மிச்சமிருந்தது அந்தக் குழு ஒன்றுதான்.

நாங்கள் கரமனையில் மாமியார் வீட்டில் இருக்கிறோம். அந்த வீட்டில் துர்க்காஷ்டமி சாயங்காலம் புத்தகங்களையும் வாத்தியங்களையும் பூஜைக்கு வைத்துவிட்டால், தசமி காலையில் பூஜை எடுக்கும்வரை யாரும் எதையும் தொடக் கூடாது. இந்த மலையாள ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். செய்தித்தாள்கூடப் படிக்க மாட்டார்கள். என் கிட்டாரும் ஆம்ப்ளிஃபயரும் சரஸ்வதி படத்துக்கு முன்னால், கணவரின் லேப்டாப்புக்கும் மகளின் கிரேயான் டப்பாவுக்கும் நடுவில் உட்கார்ந்தன. நிகழ்ச்சிக்கு முந்தின இரண்டு நாட்கள், விரல்கள் மிக அவசியமாகப் பழக வேண்டிய இரண்டு நாட்கள், நான் தோசைத் திருப்பியின் காம்பில் விரல் மாற்றிப் பழகினேன். முன்கூட்டியே சொல்லி கிட்டாரை மட்டும் வெளியே வைத்திருக்கலாம். கேட்கலாமா கேட்கலாமா என்று இருந்து, கேட்காமலே அஷ்டமி வந்துவிட்டது.

தசமி காலையில் நீண்ட வரிசையில் நின்று, குழந்தையைக் கோயிலில் எழுத்துக்கு இருத்தி, அரிசியில் முதல் எழுத்து எழுதவைத்துத் திரும்பி வரும்போது பத்தரை ஆகிவிட்டது. பூஜை எடுத்தாயிற்று. ஆம்ப்ளிஃபயரை எங்கள் அறைக்குத் தூக்கிவந்து பின்பக்கம் பார்த்தேன்.

என்னுடையது டியூப் ஆம்ப்ளிஃபயர். பழைய வால்வு ரேடியோவில் இருந்த அதே சங்கதிதான்: கண்ணாடிக் குப்பிகள், உள்ளே தகடுகள், சூடானால் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மினுக்கம். பெட்டியின் பின்புறம் திறந்திருக்கும். அதில் ஆறு டியூப்கள் தலைகீழாகத் தொங்கும், பெரியவை இரண்டு, சிறியவை நான்கு. அந்த ஆறின் மேலும் வட்டமாகச் சந்தனம் இருந்தது. நடுவில் குங்குமம்.

மாமியார் அடுக்களையில் பாயசத்துக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். "அம்மா, உள்ளே இருக்கற பல்புக்கும் பொட்டு இட்டேளா?" என்று கேட்டேன்.

"பின்னே? வரிசையா ஆறு தொங்கறது, கண்ணாலே கண்டுட்டு ஒண்ணுக்கு இட்டு ஒண்ணுக்கு இடாம இருக்கப்படுமோ? ஏன், கெட்டுப்போயிடுமோ?"

"இல்லைம்மா, சும்மாதான் கேட்டேன்."

சும்மா கேட்கவில்லை. டியூப் சூடேறும்போது கண்ணாடியில் பிசுக்கோ கறையோ இருந்தால் அந்த இடம் மட்டும் அதிகம் சூடாகி விரிசல் விடும் என்று எங்கேயோ படித்திருந்தேன். அது எல்லா டியூபுக்கும் பொருந்துமா, மேடை விளக்குகளின் பல்புக்கு மட்டுமா என்று தெரியாது. மின்னணுப் பொறியியல் படித்தவள் நான். கல்லூரியில் வால்வு பற்றிய பாடத்தை, பரீட்சைக்கு வராது என்று சொல்லி ஆசிரியர் தாண்டிப் போய்விட்டார். மேடையில் மூன்றாவது பாட்டில் ஒரு டியூப் வெடிப்பதாக என் கண்ணுக்குத் தெரிந்தது. உடனே கழற்ற உட்கார்ந்தேன்.

முறையாகத்தான் செய்தேன், அதுதான் வயிற்றெரிச்சல். சிறிய டியூப்களை லேசாக வட்டமாக அசைத்து அசைத்து இழுத்தேன். பெரிய இரண்டையும் துடைத்து, துணி சுற்றி ஆளுக்கொரு டம்ளரில் வைத்தேன். அவை இரண்டும் ஒரே வகை, எது எங்கே போனாலும் பாதகமில்லை. சிறியவற்றில்தான் இரண்டு வகை இருந்தன. இரண்டின் பெயரும் ஒரே ஓர் எழுத்தில் மாறும், ஒன்றில் எக்ஸ், இன்னொன்றில் டி. உருவம், உயரம், ஒன்பது கால்கள் எல்லாம் ஒன்றுபோல. எக்ஸ் சத்தத்தை நன்றாகத் தூக்கிக் கொடுக்கும், டி கொஞ்சம் அடக்கி வாசிக்கும். முதல் குழியிலும் மூன்றாவதிலும் எக்ஸ், இரண்டிலும் நான்கிலும் டி என்று எனக்கு மனப்பாடம். பெயர் கண்ணாடியிலேயே அச்சடித்திருக்கிறது. போதாததற்கு வரிசை மாறாமலிருக்க ஒரு யோசனையும் செய்தேன். அடுக்களையிலிருந்து நான்கு குழி இட்லித் தட்டை எடுத்துவந்து, உள்ளே துணி போட்டு, குழிக்கு ஒன்றாக வைத்தேன். முதல் டியூப் இருந்த குழியின் ஓரத்தில் ஒரு பூ இதழ்.

அந்த நான்கையும் ஈரத் துணியால் துடைத்தேன். சந்தனம் காய்ந்திருந்ததால் கொஞ்சம் அழுத்தித் துடைத்தேன். நான்கும் பளபளவென்று ஆயின. அப்போது மகள் கழிவறையிலிருந்து கூப்பிட்டாள். போய்க் கழுவிவிட்டு, ஜட்டி தேடிப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தால் இட்லித் தட்டைக் காணவில்லை. கட்டிலில் ஒரு துவர்த்துத் துண்டு விரித்து, அதன் நடுவில் நான்கு டியூப்களும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன.

"தட்டு எங்கேம்மா?"

"நான்தான் எடுத்தேன். நல்ல நாளும் அதுவுமா இட்லித் தட்டுலே யாராவது பல்பைக் கொண்டு வெப்பாளோடி? நன்னாருக்கு. ஒண்ணும் உடையலே, பத்திரமாத்தான் எடுத்து வெச்சிருக்கேன்."

சரி, பெயர் இருக்கிறதே என்று ஒரு டியூபை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். பெயர் இல்லை. திருப்பினேன். இல்லை. நான்கையும் பார்த்தேன். கண்ணாடி மட்டும் சுத்தமாக இருந்தது. துடைத்த துணியில், சந்தன மஞ்சளுக்கு நடுவே, வெள்ளையாக ஏதோ ஈஷியிருந்தது. டியூபின் மேல் அச்சு பொடியைப்போல வெறுமனே ஒட்டியிருக்கும், விரல் பட்டாலே போகும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

ஃபோனில் படம் இருக்கிறதா என்று தேடினேன். அந்த வாரத்தில் மட்டும் முந்நூற்றுச் சொச்சம் படங்கள், எல்லாம் மகள். ஒன்றில் அவள் தலைக்குப் பின்னால் ஆம்ப்ளிஃபயரின் முதுகு மங்கலாகத் தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். ஆறு மஞ்சள் புள்ளிகள்.

கணவர் சாப்பாட்டுக்கு இலை கழுவிக்கொண்டிருந்தார். சொன்னேன்.

"ஒரு நாளைக்குக் கொழந்தைய நாப்பது போட்டோ எடுக்கறே. இதுக்கு ஒண்ணு எடுத்திருக்கப்படாதோ?"

"இப்போ அதைச் சொல்லி என்ன பிரயோஜனம்?"

"பிரயோஜனம் இல்லை. சொல்லணும்னு தோணித்து, சொன்னேன். மாத்திப் போட்டா வெடிச்சுடுமோ?"

"வெடிக்காது. சத்தம் மாறும்."

"அப்போ மாறட்டும். எனக்கெல்லாம் வித்தியாசம் தெரியப்போறதோ?"

அவருக்குத் தெரியாதுதான். பாடகருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டு எப்படி வாசிப்பது?

முதலில் டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். இரண்டு டியூப்களில் தகடு ஒரு பொட்டு குட்டையாக இருப்பதுபோல் பட்டது. அவைதான் டி என்று முடிவுசெய்து, பெரிய இரண்டோடு சேர்த்துப் போட்டேன். சொல்வது சுலபம். குழிகள் தலைகீழாக இருப்பதால் தரையில் படுத்து, ஃபோனை வாயில் கவ்வி, ஒன்பது காலுக்கும் பத்தாவதாக ஒரு காலி இடம் எங்கே இருக்கிறது என்று விரலால் தடவித்தான் பொருத்த வேண்டும். போட்டு முடித்து, சூடேற விட்டு வாசித்தேன். அதற்குள் மாமியார் குழந்தையைத் தூங்கவைக்கப் போயிருந்தார். அதனால் மிக மெதுவாக வைத்து வாசித்தேன். சத்தம் சன்னமாக இருந்தது. மெதுவாக வைத்ததால் சன்னமா, தப்பான டியூபால் சன்னமா? தப்பு என்று தோன்றியது. அணைத்தேன், பிளக்கைப் பிடுங்கினேன், ஆறுவதற்குக் காத்திருந்தேன், கழற்றி மாற்றிப் போட்டேன், சூடேறக் காத்திருந்தேன். இதுவும் சன்னம்தான். மறுபடி மாற்றினேன். நான்கு டியூப்களில் இரண்டு எக்ஸை எந்தக் குழிகளில் வைப்பது என்பதற்கு மொத்தம் ஆறு வழிகள். ஒவ்வொரு வழிக்கும் கால் மணி நேரம். கணக்கு நன்றாக வந்தது, காது வரவில்லை. மூன்றாவது முறை ஆறும்வரை பொறுக்காமல் கழற்றினேன். ஆள்காட்டி விரலிலும் கட்டைவிரலிலும் சூடுபட்டுக்கொண்டேன். கிட்டார் வாசிக்கிற விரல்கள்.

நான்காவது முறை போடும்போது காலி இடம் தவறிப்போய் ஒரு கால் வளைந்தது. அதைப் புருவம் எடுக்கும் இடுக்கியால் மெல்ல மெல்ல நிமிர்த்தினேன். ஒடிந்தால் அவ்வளவுதான். இந்த ஊரில் விஜயதசமியன்று மதியம் யார் கடையில் டியூப் கிடைக்கும்? நிமிர்த்தி முடித்ததும் இடுக்கியை வைத்துவிட்டு ஃபோனை எடுத்தேன். அப்போதுதான் அன்றைய பெரிய தப்பைச் செய்தேன். மணி ஒன்றேகால். பாடகருக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: 'ஆம்ப்பில் ஒரு பிரச்சினை. சரிசெய்யப் பார்க்கிறேன். வரமுடியாமல் போனாலும் போகலாம். மன்னிக்கவும்.' முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று நினைத்தேன். அனுப்பிய கையோடு அழிக்கலாமா என்று பார்த்தேன். இரண்டு நீல டிக் விழுந்துவிட்டது. பதில் மட்டும் வரவில்லை.

சாப்பிட்டேன். பாயசத்தின் ருசி தெரியவில்லை. இலையை எடுக்கும்போதுதான் புத்தி வந்தது. ஆறு வழிகள் எதற்கு? முதல் குழி ஒன்றே போதும். கிட்டார் சத்தம் முதலில் போய்ச் சேருவது அங்கேதான். மற்ற குழிகளில் எது இருந்தாலும் கவலைப்படாமல், அந்த ஒரு குழியில் நான்கு டியூப்களையும் மாற்றி மாற்றி வைத்துக் கேட்டால் எக்ஸ் சத்தமாகப் பேசும், டி அடங்கிப் பேசும். இதைப் பதினொன்றரைக்கே யோசித்திருக்க வேண்டும். பரீட்சையில் வந்திருந்தால் யோசித்திருப்பேன்.

ஆனால் மெதுவாக வைத்தால் கேட்காது, அது ஏற்கெனவே தெரிந்துவிட்டது. கூட்டி வைக்க வேண்டும். அடுத்த அறையில் மகள் தூங்குகிறாள், பக்கத்தில் மாமியாரும் கண்ணயர்ந்திருக்கிறார். காலை ஐந்து மணிக்கு எழுந்த குழந்தை. இப்போது எழுப்பினால் மாலை விழாவில் அழுது தீர்த்துவிடும். மூன்று மணிவரை தூங்கவிட்டால் எனக்கு நேரமில்லை. அந்த அறைக் கதவுக்கு அடியில் போர்வையைத் திணித்தேன். கணவர் வாசலில் நின்று பார்த்தார்.

"எழுந்தாக்க நீங்கோ பாத்துக்கணும்," என்றேன்.

"அவ எழுந்தா பரவாயில்லை. அம்மா எழுந்தா நீயே பாத்துக்கோ."

ஒலியைப் பாதிக்கு மேல் திருகி, எல்லாக் கம்பிகளையும் சேர்த்து ஒரு கார்டு அடித்தேன். அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. அணைத்து, ஆறவிட்டு, இரண்டாவது டியூபை வைத்தேன். அதே கார்டு. அலமாரி அதிரவில்லை. முதல் முறையாக அன்று ஒரு விஷயம் நிச்சயமாகத் தெரிந்தது. மூன்றாவது டியூபை வைத்து அடித்தபோது அலமாரியும் அதிர்ந்தது, மகளும் அழுதுகொண்டு எழுந்தாள். கணவர் தூக்கிக்கொண்டு வந்தார். பின்னாலேயே மாமியார்.

"எந்தாடி இது, இடி விழுந்தாப்லே? கொழந்தை பயந்துடுத்து."

"இன்னும் ஒண்ணே ஒண்ணும்மா."

"மதி, போதும். தெரு முழுக்கக் கேட்டாச்சு."

மகள் அழுகையை நிறுத்திவிட்டு ஆம்ப்ளிஃபயரின் பின்னால் குனிந்து பார்த்தாள். "அம்மா, பல்பு போயோ?" என்றாள். போகவில்லை என்றேன். நான்காவதை வைக்கத் தேவையே இல்லை. இரண்டு எக்ஸ் தெரிந்துவிட்டால் மிச்சம் இரண்டும் டிதானே. இருந்தாலும் வைத்துப் பார்த்தேன். என்மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. அடங்கித்தான் பேசியது.

எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் போட்டபோது மூன்று மணி. அப்போதுதான் கவனித்தேன். டார்ச் அடித்துப் பார்த்து குட்டைத் தகடு என்று நான் முதலில் ஒதுக்கிய இரண்டும்தான் டி. முதல் முறை போட்டது சரியாகவே இருந்திருக்கிறது. அதை நம்பாமல்தான் விரலைச் சுட்டுக்கொண்டு, காலை வளைத்து, அந்தச் செய்தியையும் அனுப்பியிருக்கிறேன்.

பாடகரை அழைத்தேன். "சரியாயிடுச்சு, கிளம்பறேன்," என்றேன்.

"ஐயோ அக்கா. நீங்க மெசேஜ் போட்டதும் அவன்ட்ட சொல்லிட்டேன். அவன் ஊருக்குப் போறேன்னு பஸ்ஸ்டாண்டுல நின்னவன், பாவம், திரும்பி வந்து இங்க பிராக்டிஸ் பண்ணிட்டிருக்கான்."

"ஒரு வார்த்தை ஃபோன் பண்ணியிருக்கலாமே."

"வரமுடியாதுன்னு நீங்கதானேக்கா சொன்னீங்க?"

"போனாலும் போகலாம்னுதான் போட்டேன்."

"அதத்தான் சொல்லுதேன்." பிறகு குரலைத் தணித்துக் கேட்டார். "ஒண்ணு பண்ணலாமா? ஆம்ப் சரியாயிட்டுன்னா அத மட்டும் கொண்டாரீங்களா? இங்க உள்ள ஸ்பீக்கர்ல அவன் பெட்டி தகர டப்பா மாதிரி கேக்குது. உங்க ஆம்ப்னா நல்லாருக்கும். நீங்களும் பிள்ளையோட நிம்மதியா உக்காந்து கேக்கலாம்."

சரி என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். யாருக்கும் சிரமமில்லை, அவரும் பாவம் பஸ்ஸ்டாண்டிலிருந்து திரும்பியிருக்கிறார். என் முன்னால் ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் இருந்தது. நான்கு சிறிய டியூப்களும் இப்போது பெயரில்லாமல், ஆனால் அதனதன் இடத்தில், ஆரஞ்சாக மினுங்கிக்கொண்டிருந்தன. விரல் எரிந்தது.

"ஆம்ப் வந்தா நானும் வாசிப்பேன்," என்றேன்.

"அப்ப அவன்?"

அந்த நொடியில் நான்கும் நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் ஒப்புக்கொண்டிருப்பார், அவருக்கு ஆம்ப் வேண்டியிருந்தது. ஆனால் என் வாயிலிருந்து வந்தது, "முதல் ரெண்டு நான், அடுத்த ரெண்டு அவர்."

"சூப்பர் அக்கா," என்றார் உடனே. அந்த உடனேதான் என்னை உறுத்தியது.

கரமனையிலிருந்து கழக்கூட்டம்வரை காரில் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். நெடுஞ்சாலையில் வண்டிகள் நகரவில்லை. ஒவ்வொரு குலுக்கலுக்கும் டியூப் கழன்றிருக்குமோ என்று பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். "மூணுன்னு கேட்டிருக்கலாம் இல்லையா?" என்றேன்.

"நாலுன்னே கேட்டிருக்கலாம்," என்றார் கணவர்.

"அப்போ ஏன் பக்கத்துலே நின்னுண்டு சொல்லலே?"

"நீ ஃபோன்லே பேசறச்சே குறுக்கே பேசினா கோவிச்சுக்கறியே."

முதல் இரண்டு பாட்டையும் வாசித்தேன். சுட்ட விரல் கம்பியில் பட்டபோதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டேன். தப்பு எதுவும் விடவில்லை. இரண்டாவது பாட்டின் நடுவில் பாடகர் திரும்பி என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அது நன்றாக இருக்கிறது என்றா, சீக்கிரம் முடி என்றா என்று புரியவில்லை. பிறகு ஆம்ப்பின் ஒயரை என் கிட்டாரிலிருந்து பிடுங்கி அந்தப் புது இளைஞரிடம் கொடுத்தேன். நல்ல பிள்ளை. "தேங்க்ஸ் சேச்சி" என்று இரண்டு தடவை சொன்னான். என் ஆம்ப்ளிஃபயரில் அவன் மிக நன்றாக வாசித்தான். நான் கீழே போய் மகளோடு உட்கார்ந்திருக்கலாம். ஏதாவது ஆகிவிட்டால் என்று மேடையின் பின்னால், பெட்டியின் முதுகைப் பார்த்துக்கொண்டு, இரண்டு பாட்டும் முடியும்வரை குந்தியிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை.

ஆம்ப்பைக் காரில் ஏற்றி வைக்கும்போது பாடகர் வந்து ஒரு கை பிடித்தார். "அடுத்த ஞாயிறு பிராக்டிஸ் அக்கா. ஆம்ப்பக் கொண்டு வந்துருங்க."

"கொண்டு வரேன்," என்றேன்.

என்னைக் கூப்பிட்டாரா, ஆம்ப்பைக் கூப்பிட்டாரா என்று கணவரிடம் அந்த வாரத்தில் மூன்று முறை கேட்டேன். அவரையே கேளேன் என்றார். சனிக்கிழமை காலை குளிப்பதற்கு முன்பு, மகள் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தபோது, பாடகருக்கு ஒரு செய்தி எழுதினேன்: 'நாளை வருகிறேன். நான்கு பாட்டும் நான் வாசிக்கிறேன்.' நான்கை அழித்துவிட்டு மூன்று என்று எழுதினேன். மறுபடி நான்கு என்று மாற்றினேன். அனுப்பிவிட்டு ஃபோனை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.